ஏழாவதாக வைத்த தீவு

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பொறுமை இருக்காது. போன வாரம் என் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். எங்கேயோ வெயில் தேசமாம். ஐந்து நாளில் நான்கு தீவாம். ஒன்றில் காலைப் பலகாரம், இன்னொன்றில் மதியச் சாப்பாடு, பொழுது சாய்வதற்குள் மூன்றாவதில் குளியல். "நீங்களும் வரணும்மா" என்று மருமகள் ஆசையாகத்தான் கேட்டாள். முட்டி வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நம் முட்டிகள் நடக்க உதவுகின்றனவோ இல்லையோ, இந்த மாதிரி நேரத்தில் நன்றாகவே கைகொடுக்கின்றன.

முட்டியெல்லாம் காரணமில்லை. தீவு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடுகிறது. பத்து வயதில் ஏழு தீவுகளைச் சுற்றிச் சுற்றி அலுத்துப் போனவள் நான். அதில் ஒன்றில்கூட என் கால் பட்டதில்லை.

அப்போது நாங்கள் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா அங்கே ரைட்டர். காலையில் ஆள் வருகை எழுதுவது, யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று பிரித்துவிடுவது, பிறகு எல்லாக் காடுகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து துரையிடம் சொல்வது, இதுதான் அவர் வேலை. எஸ்டேட்டை ஒன்பது காடுகளாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள். அப்பா ஒன்றாம் நம்பரில் தொடங்கி ஒன்பதாம் நம்பரில் முடிப்பார். மழை என்றாலும், காய்ச்சல் என்றாலும், ஒன்பதிலும் கால் வைக்காமல் வீடு திரும்ப மாட்டார். "கால் வெக்காத காட்டைப் பார்த்தேன்னு எழுதக் கூடாதுங்க" என்று துரையிடமே ஒருமுறை சொன்னாராம். அதில் அவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமைதான் எங்கள் அம்மாவின் தலையில் வந்து விழுந்தது.

அம்மாவுக்கு ஒரே தங்கை. என் சித்தி. அவர்களுடைய பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், எட்டு வயதிலிருந்து சித்தியை வளர்த்ததே அம்மாதான். சடை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கடைசியில் கல்யாணமும் செய்து வைத்தாள். மாப்பிள்ளைக்கு அந்தமானில் காட்டிலாகா மர டிப்போவில் வேலை. கல்யாணமான இரண்டாம் மாதமே கப்பலேறிப் போன சித்தி, அதன்பின் ஏழு வருடமாக நீல இன்லண்ட் கடிதமாகத்தான் எங்களுக்கு இருந்தாள். கடிதம் வந்து சேர இருபது நாள், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். வரும்போது மூலையில் ஈரம் பட்டு மசி ஊறியிருக்கும். கடல் தண்ணீராக இருக்கும் என்று நான் நக்கிப் பார்ப்பேன். உப்பாகத்தான் இருந்தது என்று அண்ணனிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

அந்த வருடம் ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாதான் படித்துச் சொல்வார். ஏழு வருடத்துக்குப் பிறகு சித்தி மாசமாக இருந்தாள். மூன்று மாதம் முடிந்துவிட்டது, மாசி பிறந்தால் ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவம் என்றால், மாதம் நிறையும்போது பெண்ணைப் பெற்றவர்கள் ஐந்து வகையோ ஏழு வகையோ சோறு கட்டிக்கொண்டு அவள் புகுந்த வீட்டுக்குப் போவார்கள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று. கட்டுச்சோறு என்றே அதற்குப் பெயர். அதைப் பெண்ணின் மடியில் வைத்து, அவளுக்கு ஊட்டி, வளையல் போட்டு, பிறகு பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். கட்டுச்சோறு வராத பெண்ணை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். கேட்க நாதியில்லாதவள் என்று அர்த்தம்.

சித்தி எழுதியிருந்த வரி எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "மாசமாயிருக்கையில் கப்பலில் அவ்வளவு தூரம் வர முடியாது. பிரசவம் இங்கேதான். ஆனால் அக்கா, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வர எனக்கு உன்னை விட்டால் ஆரு இருக்கிறாங்க. தை கடைசிக்குள் வந்துவிடு. அந்த மாதத்தில் கடலும் சாதுவாக இருக்கும்."

அம்மா உலையில் அரிசி போட வந்தவள், அரிசியைக் கையில் பிடித்தபடியே அழுதாள். "போயிட்டு வந்தர்லாமுங்க. எனக்குன்னு அவ ஒருத்திதானுங்க" என்றாள்.

"போகாம? குடும்பத்தோடயே போறோம்" என்றார் அப்பா. அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அன்றைக்கே போவதாகத்தான் நினைத்தார்.

மறுவாரம் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமிருந்து ஓர் அட்லஸ் இரவல் வந்தது. அட்லஸில் அந்தமான் நகக்கண்ணளவு இருந்தது. அப்பா எஸ்டேட்டின் பழைய வரைபடம் ஒன்றை எடுத்து, அதன் முதுகில் சிவப்பும் நீலமுமான பென்சிலால் தீவுகளைப் பெரிதாக வரைய ஆரம்பித்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கத்துக் காப்பிக் காடுகள் கடலுக்கடியில் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அண்ணனும் அந்தத் தாளின் மேலேயே குப்புறக் கிடந்தோம். ஈரக் கம்பளி வாடையும், பழம் தோலுரிக்கும் கொட்டகையிலிருந்து வரும் புளித்த நெடியும் அடிக்கும் எங்கள் வீட்டில், அந்த நீலத் தாள் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தது போல இருந்தது.

முதலில் இரண்டு தீவுதான் இருந்தன. கப்பல் நிற்கும் போர்ட் பிளேர் ஒன்று, சித்தி இருக்கும் தீவு ஒன்று. பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. "நாலு நாள் கப்பல்ல ஒக்காந்து போறோம். அவ்வளவு தூரம் போயி ஒரே ஊட்டைப் பார்த்துட்டுத் திரும்பறதா? ஆராவது கேட்டாச் சிரிக்க மாட்டாங்களா?" என்றார். இந்த 'அவ்வளவு தூரம் போய்' என்ற பேச்சு எத்தனை குடும்பங்களின் பயணத்தைக் கெடுத்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ராஸ் சேர்ந்தது. வைப்பர் சேர்ந்தது. நீல், ஹேவ்லாக், லாங் என்று அட்லஸில் படித்த பெயர்களெல்லாம் சேர்ந்தன. காடுகளுக்குப் போட்டது போலவே எண் போட்டார். சித்தியின் தீவு ஏழாம் நம்பர். அந்தத் தீவின் பெயரை அப்பா வாயால் சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. ஏழு என்றுதான் சொல்வார், நாங்களும் ஏழு என்றே சொல்லப் பழகிவிட்டோம்.

அப்பா திட்டம் போட்ட அழகை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார். அண்ணனுக்குக் கயிறும் விளக்கும். எனக்குத் தண்ணீர்க் கூஜா. அட்டைப் பூச்சி கடித்தால் வைக்கப் புகையிலையும் உப்பும் ஒரு பொட்டலம். குளிருக்கு நான்கு கம்பளி. தீவு என்றால் நான்கு பக்கமும் தண்ணீர், தண்ணீர் என்றால் குளிரும், எங்கள் ஏரிக்கரையில் குளிர்கிறதே என்பது அவர் கணக்கு. மலையில் பிறந்து மலையிலேயே வளர்ந்தவருக்கு அதைத் தாண்டி எண்ணம் ஓடவில்லை.

ஒத்திகையும் நடந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏரிக்குக் கூட்டிப்போய் வாடகைப் படகில் ஏற்றினார். தீவுக்குத் தீவு படகில் போக வேண்டுமே, ஏறி இறங்கப் பழக வேண்டாமா? அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேண்டுமென்றே ஆட்டினான். திரும்பிக் கரைக்கு வந்ததும் அம்மா, "இவ்வளவுதானுங்களா? நான் என்னமோன்னு நெனச்சேன். இதுல எத்தனை நாள் வேணாலும் போவேனுங்க" என்றாள். முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம்.

அப்பா படகில் ஏறவில்லை. கரையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அன்று எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், என் வாழ்நாளில் அப்பா எந்தத் தண்ணீரிலும் முழங்காலுக்கு மேல் இறங்கி நான் பார்த்ததே இல்லை. ஆற்றங்கரைக் கோயில்களில்கூடச் சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்வார். இதை நான் முன்னமே கவனித்திருக்க வேண்டும். அம்மா கவனித்திருப்பாள், சொல்லியிருக்க மாட்டாள்.

அடுத்த ஒத்திகை நடை. காலையில் பஸ்ஸில் மாரமங்கலம் போய்ச் சாப்பாட்டு மூட்டைகளோடு இறங்கி, சுற்றி, மறுபடி பஸ் பிடித்து ஏற்காட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடக்க வேண்டும். மாரமங்கலம் ஒரு தீவு, கோயில் ஒரு தீவு. மூட்டையைக் கட்டியதும் சுமந்ததும் அம்மாதான். கோயில் முன்னால் இருக்கும் வெட்டவெளிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது கீழே பள்ளமெல்லாம் மஞ்சு நிறைந்து, குன்றுகளின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாருங்க, பாருங்க! இப்படித்தான் இருக்கும். அதோ ஒண்ணு, அதோ ரெண்டு" என்று கையை நீட்டி எண்ணினார்.

"இதுல எம் பொறந்தவ ஊடு எதுங்க?" என்றாள் அம்மா.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மஞ்சுக்குள் எதுவுமே தெரியாத ஓர் இடத்தைக் காட்டினார். "அது ஏழு. கடைசி."

அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அதை மொதல்ல வெச்சுக்கலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என்ன புள்ள நீ! அங்க போயி ஒக்காந்துட்டா அப்புறம் நீ எந்திரிப்பியா? மத்ததெல்லாம் முடிச்சுட்டுப் போனாத்தான் அங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார் அப்பா. அவர் சொன்னது எங்களுக்கு மிகச் சரியாகப் பட்டது. வீட்டுப் பாடத்தை முடித்துவிட்டு விளையாடப் போவது போல.

அம்மா அவள் பங்குக்குத் தனியாக ஒரு திட்டம் வைத்திருந்தாள். அதற்குத் தாளும் பென்சிலும் தேவைப்படவில்லை. கட்டின சோறு நாலு நாள் கப்பலில் கெட்டுவிடும். ஆகவே புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி ஜாடியில் அடைப்பது, எள்ளை வறுத்துப் பொடித்துத் துணியில் கட்டுவது, அங்கே போய்ச் சோறு மட்டும் வடித்துப் பிசைவது. பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன், உடையாமலிருக்கப் பஞ்சுக்குள். அவ்வளவுதான். மார்கழி பிறந்ததும் புளியைக் காய்ச்சினாள். வீடு முழுக்க வெந்தயமும் பெருங்காயமும் மணந்தன. நாங்கள் ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

எங்களுக்குச் சாமான் வாங்கும் கடை, ஒண்டிக்கடை என்று பெயர் விழுந்துவிட்ட முக்கில் இருந்தது. கடைக்கார பாயின் மனைவிக்கு அண்ணன் ஒருவர் போர்ட் பிளேரில் வியாபாரம் பண்ணினார். அந்தமானைப் பற்றிக் கேட்க எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் பாய்தான். மார்கழி பாதியில் ஒருநாள் அப்பா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய், சர்க்கரை மூட்டைமேல் அந்த நீலத் தாளை விரித்தார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரைட்டரே, நொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அங்க படகு நம்ம பஸ்ஸாட்டம் கெடையாதுங்க. இந்தத் தீவுக்கு வாரத்துக்கு ஒரு படகு. இதுக்கு எப்பப் போவும்னு அவனுக்கே தெரியாது. ஏழையும் பார்க்கோணும்னா ரெண்டு மாசம் ஆவுமுங்க."

அப்பா முகம் சுண்டிவிட்டது. அவர் ஒரு தீவுக்கு அரை நாள் வைத்திருந்தார்.

பாய் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "ஏனுங்கம்மா, எங்க ஊட்ல தை பத்தாந்தேதிவாக்குல கப்பலேறுறாங்க, அவங்க அண்ணன் ஊட்டு விசேஷத்துக்கு. எங்க சின்ன மச்சானும் தொணைக்குப் போறாப்ல. நீங்களும் கூட வந்துருங்க. உங்க தங்கச்சி ஊட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் அவங்க மத்த வேலை பாப்பாங்க. ரைட்டரும் புள்ளைங்களும் பொறவு சாவகாசமா வரட்டும்."

அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அப்பா சிரித்தார், பிடி கொடுக்காதபோது அவர் சிரிக்கும் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். "இல்லீங்க பாய். போனாக் குடும்பத்தோட போறதுதானுங்க. திட்டமெல்லாம் அப்படித்தான் போட்டு வெச்சிருக்குது" என்றார்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது அம்மா மறுபடி பேச்செடுத்தாள். ஒன்றைத் திரும்பக் கேட்கும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. அன்று கேட்டாள்.

"நான் மட்டும் பாயம்மாகூடப் போயிட்டு வந்தரட்டுங்களா? மாசி பொறந்தா அவளுக்கு ஒம்பதுங்க. நான் போகலீன்னா அவ மடியில சோறு வெக்க ஆளில்லீங்க."

அப்பா சட்டென்று மறுக்கவில்லை. அதை இன்றைக்கும் அவர் பக்கம் நின்று சொல்வேன். தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிசைந்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அண்ணன் சாப்பிட்டு எழுந்து போய்விட்டிருந்தான். நான்தான் இருந்தேன்.

"புள்ளைங்க ஏழு தீவு, ஏழு தீவுன்னு நாலு மாசமா இதே நெனப்பா இருக்குதுங்க. அதுங்களையே கேட்டுருவோம். ஏங்கண்ணு, அம்மா மட்டும் போகட்டுமா, இல்ல நாம எல்லாரும் போலாமா?"

எனக்கு அந்த நொடியில் என்ன தெரிந்தது என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். சித்திக்கு மாசி என்று தெரியும். அம்மாவுக்கு ஆசை என்று தெரியும். அம்மா தனியாகப் போய்விட்டால் நீலத் தாள் சுருட்டி வைக்கப்படும் என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் கப்பலில் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"எல்லாரும்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. "சரி சாமி, எல்லாரும் போலாம்" என்று சொல்லி, என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

பாயம்மா தை பத்தில் போய்விட்டார். அவரிடம் அம்மா எதையாவது கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வளையலை மட்டும் கொடுத்தனுப்பட்டுமா என்று அவளும் கேட்டாள். நாமே போகும்போது எதற்கு என்றார் அப்பா.

அந்த வருடம் மழை மார்கழியிலும் விடவில்லை. பழம் பிந்திப் பழுத்தது. பறித்த கொட்டையைக் களத்தில் காயப்போட வெயில் இல்லை. தை பிறந்தும் மூன்று காட்டில் பழம் மரத்திலேயே நின்றது. ரைட்டர் இல்லாமல் பறிப்பு நடக்காது என்று துரை சொல்லிவிட்டார். பறிப்பு முடிந்து கடைசி மூட்டை லாரி ஏறினால்தான் நீண்ட லீவு. பத்து நாள் லீவு என்றால் அப்போதும் கிடைத்திருக்கும், நேரே சித்தி வீட்டுக்குப் போவதாக ஒரு மாதம் கேட்டால்கூடத் துரை யோசித்திருப்பார். அப்பா கேட்டது இரண்டு மாதம். ஏழு தீவுக்கு அவ்வளவு ஆகுமே! "பங்குனியில பூ மழை விழுந்து முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று துரை சொன்னதை அப்பா வீட்டில் வந்து நல்ல செய்தியாகச் சொன்னார். காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் மழை என்றால் மலையில் எல்லாருக்கும் நல்லதுதானே.

"அஞ்சு தீவா கொறைச்சுக்கலாமுங்களே" என்றாள் அம்மா.

"எதை விடறது சொல்லு" என்று அப்பா தாளை அவள் முன்னால் விரித்தார். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வாள்? எதையும் சுட்டாமல் எழுந்து போனாள்.

முதல் ஜாடிப் புளிக்காய்ச்சலை நாங்களே சோற்றில் பிசைந்து தின்று தீர்த்தோம். தை கடைசியில் இன்னொரு முறை காய்ச்சினாள். அதையும் தின்றோம். இரண்டாவது முறை அது எனக்கு ருசிக்கவில்லை, தொண்டையில் எரிந்தது. மாசி பிறந்த அன்று அம்மா காலையில் குளித்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றாள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சாலை தெரியும் இடத்தில், மலை இறங்கும் பஸ் போகிற வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். அன்றிலிருந்து தீவுப் பேச்சு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பங்குனி பிறந்து நான்காம் நாள் பூ மழை விழுந்தது. ஒரு வாரத்தில் எஸ்டேட் முழுக்கக் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து நின்றன. மல்லிகையை விடக் கனத்த வாசனை அது, தலை வலிக்கும். அப்பா மதியமே வீட்டுக்கு வந்தார். அவர் அப்படி வந்ததே கிடையாது. ஒரு கையில் துரை கையெழுத்துப் போட்ட லீவுச் சீட்டு, இன்னொரு கையில் நீலக் கடிதம்.

"ரெண்டு மாசம் முழுசாக் குடுத்துட்டாங்க!" என்று சொல்லிக்கொண்டே கடிதத்தைப் பிரித்தார். சந்தோஷத்தில் கடகடவென்று உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாசி பன்னிரண்டாம் தேதி சித்திக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். "அக்கா, நீ தை கடைசியில் வருவாய் என்று படகு வரும் ஒவ்வொரு வாரமும் துறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் போய் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மா ஒருநாள் என்னவென்று கேட்டார்கள். வீட்டுக்காரர் மூலமாகக் கட்டுச்சோறு பற்றிச் சொன்னேன். மறுநாள் அவர்களே ஐந்து வகைச் சோறு செய்து, இலையில் கட்டி, விளக்கோடு என் வீட்டுக்கு வந்தார்கள். புளி கிடைக்கவில்லை, மாங்காய் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பாஷை அவர்களுக்குத் தெரியாது. என் மடியில் வைத்து அவர்களே ஊட்டினார்கள். பிரசவத்திலும் அவர்கள்தான் கூட இருந்தார்கள். இப்போது நான்..."

அப்பா நிறுத்திவிட்டார்.

"படிங்க" என்றாள் அம்மா.

அவர் குரல் இறங்கிவிட்டது. "இப்போது நான் அவர்களைத்தான் அக்கா என்று கூப்பிடுகிறேன். நீ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. உனக்கு அங்கே எத்தனையோ வேலை. இனிமேல் சிரமப்பட்டு வர வேண்டாம்."

கோபமாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சித்தி பிரியமாகத்தான் எழுதியிருந்தாள். அதன் பிறகு அவளுடைய கடிதங்கள் பொங்கலுக்கு ஒன்று என்று குறைந்து, பிறகு அதுவும் நின்றது. அம்மா அவளைக் கடைசிவரை பார்க்கவில்லை.

அப்பா கடிதத்தை மடித்தார். மனைவியைத் தேற்றுவதாக நினைத்து அவர் சொன்னதைக் கேளுங்கள். "நல்லபடியாப் பொறந்துதே, அது போதும் புள்ள. இனி அவசரமே இல்ல. ஏழையும் நிதானமாப் பார்த்துக்கிட்டே போலாம்."

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அங்க ஆருமில்லீங்க" என்றாள் அம்மா.

சத்தமில்லாமல், பஸ் போய்விட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அப்பா லீவுச் சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தாளைச் சுருட்டி, பெட்டிக்கு மேலே போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் சீட்டைத் துரையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பின்னால் அண்ணன் சொன்னான்.

அவர் வாசலைத் தாண்டியதும் நான் அழ ஆரம்பித்தேன். தரையில் உட்கார்ந்து, காலை உதைத்து, மூச்சு முட்ட அழுதேன். அம்மா ஓடி வந்து என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று அதுவரை ஒரு சொட்டுக்கூட விடாதவள், என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். "அழாத கண்ணு. சித்திக்கு ஒண்ணும் ஆகல சாமி. அவ நல்லா இருக்கா. நம்மள மறக்க மாட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் அழுதது கப்பலுக்காக. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்பதற்காக. சித்தியைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடம், வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என்னைக் காட்டிச் சொல்வாள். "இவளுக்கு அவ சித்தின்னா உசுருங்க. அன்னிக்குக் கடுதாசி வந்தப்ப எப்படி அழுதா தெரியுங்களா? எங்கூட அழுகறதுக்கு அந்த ஊட்ல இவ ஒருத்திதான் இருந்தா." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆமாம் என்று தலையாட்டுவேன்.